கோலுக்குப் பின்னால் ஓர் இடம்

ஒரு காட்டில் கல்லூரி ஒன்று இருந்தது. கல்லூரி இருந்ததால் கால்பந்துக் குழு இருந்தது. குழு இருந்ததால் தோல்வியும் இருந்தது.

அந்தக் குழுவின் கோல்கீப்பர் அல்லி என்ற ஆமைப்பெண். பந்து வரும்போதெல்லாம் பயந்து தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்வாள். கோலுக்குப் பின்னால் புல்லில் உட்கார்ந்திருக்கும் அவள் அப்பா, "அல்லி, தலையை நீட்டும்மா" என்பார். அந்தக் குரலுக்கு மட்டும் தலை வெளியே வரும். பந்து நெற்றியில் பட்டுத் திரும்பிப் போகும். அப்பா வந்த நாளில் குழு கொஞ்சமாகத் தோற்றது. வராத நாளில் நிறையத் தோற்றது.

அந்த ஆண்டு நரியார் விளையாட்டுச் செயலர் ஆனார். மைதானத்தைச் சுற்றி முள்வேலி போட்டார். இனிமேல் சீசன் டிக்கெட் வாங்கியவர்களுக்குத்தான் உள்ளே இடம் என்றும், விலை கவுண்டரில் முகம் பார்த்துச் சொல்லப்படும் என்றும் அறிவித்தார்.

அல்லியின் அப்பா ஆமையார் பௌர்ணமியன்று புறப்பட்டார். நிலா தேய்ந்து தீர்ந்த காலையில் கவுண்டரை அடைந்தார். வரிசையில் அவர்தான் முதல்.

"எங்கேருந்து வர்றீங்க பெரியவரே?" என்றார் நரியார்.

"தாமரைக்குளம். பௌர்ணமியன்னிக்கே கிளம்பிட்டேன். கோலுக்குப் பின்னாடிதான் இடம் வேணும். என் பொண்ணு அங்கே நிக்கிறா. நான் இல்லேன்னா அவளுக்குத் தலையே வெளியே வராது."

விற்கிறவரிடம் சொல்லக்கூடாததையெல்லாம் ஆமையார் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

"அந்த இடம் பத்துக் கூடை நாவல்பழம்."

"வெறும் புல்லுத்தரைதானேங்க?"

"புல்லுக்கு யாரு விலை சொன்னா? நீங்க நடந்து வந்தீங்களே, அந்த நடைக்குச் சொன்னேன்."

ஆமையாரிடம் ஒரு கூடைதான் இருந்தது. ஓரமாக நிற்கச் சொன்னார்கள். நின்றார்.

வெயில் சாயும் நேரத்தில் முயல் கொட்டாவி விட்டபடி அந்த வழியாக வந்தான். "என்னண்ணே விக்கிறீங்க?"

"பந்தாட்டத்துக்கு டிக்கெட்."

"பந்தாட்டம் பார்த்தா எனக்குத் தூக்கந்தான் வரும்."

நரியாரின் குரல் குழைந்தது. "கோலுக்குப் பின்னாடி நல்ல நிழல் தம்பி. ஒரு பழம் குடுங்க, போதும்."

"கடிச்ச பழம் ஒண்ணு இருக்கு."

"அது போதும்."

"ஏங்க, அதே இடந்தானே?" என்று ஓரத்திலிருந்து கேட்டார் ஆமையார்.

"இடம் அதேதான். ஆளு வேற."

அந்தப் பருவம் முழுவதும் முயல் நிழலில் தூங்கினான். அல்லி கோல்வாசலில் கல்லாகக் கிடந்தாள். பந்துகள் இரு பக்கமும் அவளைத் தாண்டிப் போயின. கடைசி ஆட்டத்தன்று பொறுக்க முடியாமல் ஆமையார் முள்வேலிக்குள் கழுத்தை நுழைத்தார். போகும்வரை நீட்டினார். முள் கிழித்தது. "அல்லி, தலையை நீட்டும்மா."

அவள் நீட்டினாள். வந்த பந்தெல்லாம் திரும்பிப் போயிற்று. ஒரு பந்து திரும்பிய வேகத்தில் மைதானத்தையே கடந்து எதிர்க்கோலில் போய் விழுந்தது. கல்லூரி முதல் முறையாக ஜெயித்தது. காடே ஆடியது. நரியார் மட்டும் ஆடவில்லை. வேலிக்குள் நீண்டிருந்த கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் கவுண்டர் பலகையில் ஒரு வரி கூடியிருந்தது: 'வேலியோரத்துக்கும் சீசன் டிக்கெட் உண்டு.'

அடுத்த ஆண்டு ஆமையார் வேண்டுமென்றே தாமதமாகப் புறப்பட்டார். வழியில் தூக்கம் வராமலே படுத்துப் பார்த்தார். எல்லோரும் வாங்கிப்போன பிறகு, தலையும் காலும் உள்ளே இழுத்த வெறும் ஓடாகக் கவுண்டர் முன் கிடந்தார். எல்லா ஓடும் நரியாருக்கு ஒன்றுதான். தட்டிப் பார்த்தார்.

"யாரு உள்ளே?"

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன்," என்றது ஓடு. "பந்தாட்டமெல்லாம் எனக்குப் பிடிக்காது. மிச்சம் ஏதாவது கிடந்தா குடுங்க."

"கோலுக்குப் பின்னாடி ஒண்ணு கிடக்கு. போன வருசம் ஜெயிச்ச சத்தத்துல தூங்க முடியலைன்னு முயல் தம்பி திருப்பிக் குடுத்துட்டார். கடிச்ச பழம் இருந்தாக்கூட குடுத்துட்டு எடுத்துக்குங்க."

ஓட்டுக்குள்ளிருந்து ஒரு கால் மெல்லப் பழத்தை நீட்டியது. நரியார் வாங்கக் கை நீட்டினார்.

அப்போது மைதானத்தில் பயிற்சி தொடங்கியது. யாரோ ஒருவன் கத்தினான்: "அல்லி, பந்து!"

ஆமையாரின் தலை தானாக வெளியே வந்தது. கழுத்தில் முள் கிழித்த தழும்புகள். கண்கள் மைதானத்தின் பக்கம்.

நரியார் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பலகையைத் துடைத்தார். புது விலை எழுதச் சாக்கட்டியை எடுத்தார்.

நீதி: பிள்ளைமேல் பாசம் உள்ளவர்கள் கவுண்டருக்குத் தாங்களே போகக்கூடாது. பாசமில்லாத யாரையாவது அனுப்பினால் மலிவாக முடியும்.