ஒத்துழைத்த இறால்கள்

மனிதகுலம் இதுவரை கண்ட ஆராய்ச்சி நிலையங்களிலேயே தலைசிறந்தது அந்த நன்னீர் மீன்வள நிலையம்தான். மற்ற இடங்களில் ஆராய்ச்சி முடிந்த பிறகே முடிவு தெரியும். இங்கே அந்த அவதியெல்லாம் கிடையாது. முடிவு முன்கூட்டியே மேல்மாடியிலிருந்து இறங்கி வந்துவிடும்.

இம்முறை இறங்கி வந்த முடிவு: ரசாயன ஆலை ஆற்றில் விடும் உப்புநீரால் நன்னீர் இறாலுக்கு ஒரு தீங்கும் இல்லை. அதை 'ஆராய்ந்து' சொல்லும் பொறுப்பு விஞ்ஞானியின் தலையில் விழுந்தது. ஆலைக்குக் கீழே, அதே ஆற்றுத் தண்ணீரை நம்பி இறால் குளம் வைத்திருப்பவள் அவருடைய கூடப்பிறந்த அக்கா. அவரைப் படிக்க வைத்ததே அந்தக் குளம்தான். இயக்குநர் அவரைத் தம் அறைக்கு அழைத்தார்.

தம் கையாலேயே டீ ஊற்றிக் கொடுத்தார். நிலைய வரலாற்றில் இப்படி நடந்ததே இல்லை.

"இறால் எப்படிச் சமாளிக்குது?"

"தண்ணியில உப்பு ஏறினாலும், தன் ரத்தத்துல ஏறவிடாம செவுளால கட்டுப்படுத்திக்குது சார். ஒரு எல்லைக்கு மேல அதால முடியறதில்ல. வெளிய இருக்குற உப்பு உள்ளேயும் ஏறிடுது."

"'முடியல'ன்னு எழுதினா படிக்கிறவங்க மனசு கஷ்டப்படும். 'தண்ணியோட ஒத்துழைக்குது'ன்னு எழுதுங்க."

"அப்புறம் செத்துடுது சார்."

"'ஆய்விலிருந்து விலகிக்கொண்டது'ன்னு போடுங்க. துணை இயக்குநர் நாற்காலி காலியாத்தான் கிடக்கு. டீ ஆறுது பாருங்க."

விஞ்ஞானி டீயைக் குடித்தார். உடனே அவர் உடலில் தகவமைப்பு தொடங்கியது. முதலில் கழுத்து இளகி மேலும் கீழும் ஆடியது. பிறகு முதுகு வளைந்தது. டம்ளர் காலியாவதற்குள் கையெழுத்தும் விழுந்துவிட்டது. இறாலுக்கு இதற்கெல்லாம் பல நாள் பிடிக்கும். அன்று மாலையே அக்காவுக்குப் போன் போட்டு, இயக்குநர் கையால் டீ குடித்த பெருமையை மட்டும் சொன்னார்.

அறிக்கை அவர் பெயரிலேயே வெளியானது. ஆலை தன் குழாயை அகலப்படுத்தியது. கொஞ்ச நாளில் அக்காவின் குளத்து இறால்கள் மொத்தமாக 'விலகிக்கொண்டன'.

அக்கா சத்தம் போடவில்லை. செத்த இறால் நிறைந்த வாளியைத் தம்பி வீட்டுக் கூடத்தின் நடுவே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். புதிய துணை இயக்குநருக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அதனால் விஞ்ஞானம் பேசினார்.

"இறால் லேசுப்பட்டதில்லக்கா. கடல் தண்ணி உப்புல பாதி அளவு ஏறுற வரைக்கும் தன் ரத்தத்தை விட்டுக்கொடுக்காது."

"பாதிக் கடலா?" அக்கா வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உனக்கு ஒரு டம்ளர் டீ போதுமா இருந்துச்சேடா."