இருபத்து நான்காவது ஸ்க்ரூ

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான் நலம். உங்கள் சம்பந்தியம்மாவும் நலம். மகளும் பேத்தியும் பரம சௌக்கியம். பேத்திக்கு ஆறாவது பல் முளைத்து, அதை என் சுண்டுவிரலில் சோதித்தும் பார்த்துவிட்டாள். உங்கள் வீட்டிலும் அனைவரும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் கேமரா மட்டும் நலமாக இல்லை. இந்த வரியைப் படித்ததும் நீங்கள் எழுந்து நிற்பீர்கள் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து உட்காருங்கள். ஒரு டம்ளர் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் உங்கள் குரலும் வரும். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

போன மாதம் கிளம்பும்போது நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "பஸ்ல கூட்டமா இருக்கும், இடிபடும். பேத்தி பொறந்தநாளுக்கு எப்படியும் வரப்போறேன், அதுவரைக்கும் இது உங்ககிட்டயே இருக்கட்டும் சம்பந்தி. நாப்பது வருஷமா என் கை தவிர வேற கை பட்டதில்ல. இதுல ஒரு ஸ்க்ரூவ யாரும் தொட்டதில்ல!" என்று சொல்லி, கைக்குழந்தையைக் கொடுப்பதுபோல என் கையில் கொடுத்தீர்கள். உங்கள் குடும்பத்தில் எந்தக் குழந்தையின் முதல் பிறந்தநாள் படமும் இந்தக் கேமராவில்தான் எடுத்தது என்றும், பேத்திக்காக ஒரு பிலிம் ரோல் எடுத்து வைத்திருப்பதாகவும் சொன்னீர்கள். பிறந்தநாள் வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள். அதனால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் கெட்ட எண்ணத்தோடு தொடவில்லை. முப்பத்து நான்கு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன். பொய்த் தராசை முகம் பார்த்தே கண்டுபிடிப்பேன். ஓய்வுபெற்ற பிறகு வீட்டில் தக்காளியை மறுபடி நிறுத்துப் பார்க்கக்கூடாது என்று உங்கள் சம்பந்தியம்மா தடை போட்டுவிட்டதால் கை சும்மா இருந்தது. கேமராவில் 'ஒரு நொடி' என்று போட்டிருந்த இடத்தில் திருப்பி வைத்து, பட்டனை அழுத்தி, ஸ்டாப்வாட்சில் பார்த்தேன். இரண்டே முக்கால் நொடி! பன்னிரண்டு தடவை பார்த்தேன், அதேதான். "ஒண்ணு கேட்டா ரெண்டே முக்கால் குடுக்குது, நமக்கு லாபம்தானேப்பா?" என்றாள் மகள். கூடுதலாகக் கொடுத்தாலும் அளவுக் குற்றம் குற்றம்தான் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் எழுந்து போய்விட்டாள்.

சரி, உள்ளே கொஞ்சம் சுத்தம் செய்தால் போதும், நீங்கள் வரும்போது ஒரு நொடி ஒரு நொடியாகவே இருக்கும், மகிழ்ந்து போவீர்கள் என்று நினைத்துத் திறந்தேன். முதலில் லென்ஸைக் கழற்றினால் ஓரத்தில் நூலாம்படை மாதிரி பூஞ்சை. பூஞ்சைக்கு வெயில் காட்ட வேண்டும் என்று எங்கோ படித்த ஞாபகத்தில் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனேன். ஜன்னலுக்குக் கீழே நீங்கள் மறந்துவிட்டுப் போன கறுப்புக் குடை தொங்கியது. புகை வாடை வந்து ஓடிப்போய்ப் பார்த்தால் குடையில் ஓட்டை. நல்ல வட்டமான ஓட்டை. உங்கள் லென்ஸில் ஒரு கோளாறும் இல்லை என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம். இருந்தாலும் குடைக்காக ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து மேல்மூடியைத் திறந்தபோது கடுகளவு ஸ்பிரிங் ஒன்று 'டிங்' என்று எகிறியது. கட்டிலுக்கு அடியில், பாய்க்கு அடியில், பேத்தியின் வாய்க்குள், எல்லா இடமும் தேடினோம். உங்கள் சம்பந்தியம்மா மட்டும் "என்னமோ பண்ணித் தொலைங்க" என்று கடைக்குப் போய்விட்டாள். திரும்பி வந்து கண்ணாடி முன்னால் நின்றவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிட்டார். ஸ்பிரிங் அவள் கொண்டையில் இருந்தது. "ஆறு கடை ஏறி எறங்கி வந்திருக்கேன், தலையில ஒங்க சம்பந்தி கேமராவ வெச்சுக்கிட்டு!" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்திருக்கக்கூடாது. அன்று சாப்பாடு நானே போட்டுக்கொண்டேன்.

இதெல்லாம் சில்லறை. இனிமேல்தான் விஷயம். கழற்றிய ஒவ்வொரு ஸ்க்ரூவையும் மாத்திரை டப்பாவில் நாள்வாரியாகப் போட்டு வைத்திருந்தேன். பல்சக்கரங்களில் காய்ந்து களிம்பாகிக் கிடந்த கிரீஸைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கிவிட்டுத் திரும்பப் பூட்டினால், ஓட்டை இருபத்து நான்கு, ஸ்க்ரூ இருபத்து மூன்று. பல்சக்கரத் தொகுதியைப் பிடிக்கும் ஸ்க்ரூ ஒன்றைக் காணோம். அது இல்லாமல் ஷட்டர் எந்த வேகத்தில் வைத்தாலும் திறந்த வாய் மூடாமல் நிற்கிறது. காந்தத்தில் கயிறு கட்டி வீடு முழுக்க இழுத்தேன். நான்கு ஹேர்பின்னும் ஒரு குண்டூசியும் கிடைத்தன. பேத்தி விழுங்கியிருப்பாளோ என்று பயந்து இரண்டு நாள் அவளுடைய டயப்பர்களை நானே சோதனை போட்டேன். ஆய்வாளராக இருந்த காலத்தில்கூட அவ்வளவு கவனமாக நான் எதையும் சோதித்ததில்லை. அவள் வயிற்றில் ஸ்க்ரூ இல்லை. அந்த ஒரு நிம்மதிதான்.

கடைசியில் வெட்கத்தை விட்டு ஒரு கேமரா மெக்கானிக்கிடம் போனேன். அவருக்கு 'ஊதி' என்று பட்டப்பெயர். எந்தக் கேமரா வந்தாலும் முதலில் ரப்பர் பந்தால் புஸ்புஸ் என்று ஊதுவார். உள்ளே ஊதிவிட்டுப் பூதக்கண்ணாடியில் பார்த்து, "பழைய கிரீஸ்தான் சார் இத்தனை நாளா இதப் பிடிச்சிக்கிட்டு இருந்திருக்கு. நீங்க தொடச்சதும் ஆட்டம் கண்டுருச்சு. இந்த மாடலுக்கு ஸ்க்ரூ எங்கயும் கெடைக்காது" என்றார். அத்தோடு விட்டாரா? "ஸ்க்ரூ தலையெல்லாம் தேஞ்சிருக்கு. யாரோ முன்னாடியே தொறந்திருக்காங்க" என்றார். எனக்கு வந்ததே கோபம்! "யாரப் பாத்து என்ன சொல்றீங்க? என் சம்பந்தி அப்படிப்பட்டவர் இல்ல. நாப்பது வருஷத்துல ஒரு ஸ்க்ரூவத் தொட்டதில்ல!" என்று கேமராவை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று வந்துவிட்டேன்.

ஆகவே சம்பந்தி, திறந்ததற்கு ஒரு மன்னிப்பு, துடைத்ததற்கு ஒரு மன்னிப்பு, தொலைத்ததற்கு ஒரு மன்னிப்பு. குடையோடு சேர்த்து மொத்தம் நான்கு. என் மேல் உள்ள கோபத்தை என் மகளிடம் காட்டிவிடாதீர்கள். அவளுக்கு இந்தக் கடிதம் தெரியாது. நேற்று உங்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவள், "பாருங்கப்பா, இத்தனை படத்துல மாமா ஒண்ணுல கூட இல்ல. எல்லாத்தையும் எடுத்தது அவருதானே" என்றாள். அப்படிப்பட்ட மனிதரின் கேமராவை நான் இப்படி ஆக்கிவிட்டேனே!

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளை அங்கே வந்தால் என் ஆசிகளைச் சொல்லவும். எல்லோரும் நீடூழி வாழ்க. முடிந்தால் நானும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டப் போகும்போது, உங்கள் கேமராவின் தோல் பையைத் தட்டித் துடைத்துக்கொண்டிருந்த உங்கள் சம்பந்தியம்மா அதன் உள்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். பிரித்தேன். உள்ளே ஒரு ஸ்க்ரூ. காகிதத்தில் உங்கள் அழகான கையெழுத்தில், 'கழற்றி மாட்டியதில் மிஞ்சியது. எங்கே போகும் என்று தெரியவில்லை. யாரிடமும் சொல்ல வேண்டாம்' என்று எழுதியிருக்கிறது. அந்த ஸ்க்ரூவைப் போட்டேன். ஸ்டாப்வாட்சில் பார்த்தேன். ஒரு நொடி. சுத்தமான ஒரு நொடி சம்பந்தி! வீட்டில் எல்லோரும் கைதட்டினார்கள், பேத்தி உட்பட. மேலே கேட்ட நான்கு மன்னிப்பில் மூன்றைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். குடைக்கானது மட்டும் செல்லும். ஊதியிடம் நாளை நானே போய் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிறேன், உங்கள் கணக்கில். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். கேமராவை மேசைமேல் வைத்து, தானாக எடுக்கும் அந்தப் பொத்தானை அழுத்திவிட்டு நீங்களும் வந்து படத்தில் நிற்க வேண்டும், பேத்தியைத் தூக்கிக்கொண்டு, என் பக்கத்தில். அதற்குப் பத்து நொடி என்று போட்டிருக்கிறது. நான் அளந்துவிட்டேன், ஒன்பதரைதான் வருகிறது. கொஞ்சம் வேகமாக ஓடி வாருங்கள்.