6174-க்குப் போகாத பெண்

பெண் பார்க்கப் போன இடத்தில் கணக்கு வாத்தியார் வேலை பார்க்கக் கூடாது. பஜ்ஜியைத் தின்றோமா, வாயைத் துடைத்தோமா, கிளம்பினோமா என்று இருக்க வேண்டும். இந்த ஞானம் எனக்குத் தாமதமாகத்தான் வந்தது.

அப்போது நான் டெல்லி முனிர்காவில் அறை எடுத்துத் தங்கி, கணக்கில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். "இன்னும் படிக்கிற பையனா?" என்று இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. மூன்றாவது, ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில். "இதையும் கெடுத்துட்டு வந்தே, இனி நான் பொண்ணு தேட மாட்டேன்" என்று மதுரையிலிருந்து அம்மா போனில் சொல்லிவிட்டாள். (பெண்ணை, அதாவது சுபாவைப் பார்த்ததும் எனக்குப் பயமே வந்துவிட்டது. அவ்வளவு பிடித்துப்போயிற்று.)

ஜனவரி மாலை. பனிமூட்டத்தில் எதிர் பிளாக்கையே காணோம். பேச்சு ஓடவில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"ஏதாவது நாலு இலக்க எண் எழுதுங்க சார்" என்றேன், சுபாவின் அப்பாவிடம். "அந்த இலக்கங்களைப் பெருசுலேர்ந்து சின்னதா அடுக்கி, அதிலேர்ந்து சின்னதுலேர்ந்து பெருசா அடுக்கினதைக் கழிங்க. வர்ற விடையையும் அப்படியே பண்ணுங்க. ஏழு தடவைக்குள்ள 6174 வரும்."

ஸ்கூட்டர் எண்ணைப் போட்டார். வந்தது. "அச்சா!" என்று சிரித்தார். மனைவி பிறந்த வருஷத்தைப் போட்டார். வந்தது. அடுத்ததைப் போட்டுவிட்டு, விடையையே வெகுநேரம் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"எங்கப்பா தவறின வருஷம்" என்றார் மெல்ல. "அதுவும் அங்கதான் போகுது தம்பி."

"அங்கேர்ந்து மேல கழிச்சா?" என்றார் சுபாவின் அம்மா.

"7641-லேர்ந்து 1467 போனா மறுபடி 6174தான் ஆன்ட்டி. உள்ள போனது வெளிய வராது." (குரலை வேறு தாழ்த்திக்கொண்டேன். கொழுப்பு!)

டியூப்லைட் மட்டும் ரீங்கரித்தது. யாரோ அங்கே உட்கார்ந்துகொண்டு எல்லாரையும் ஒவ்வொருவராகக் கூப்பிடுவதுபோல் இருந்தது. தெரிந்த கணக்குதான், ஆனாலும் நானே ஒருமுறை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

சுபா தாளை வாங்கி எழுதி நீட்டினாள். 7777. எப்படி அடுக்கினாலும் அதேதான். கழித்தால் பூஜ்யம்.

"ஐயோ, நம்ம பொண்ணை மட்டும் காணோமே!" என்று அலறினார் சுபாவின் அம்மா.

"நாலும் ஒரே இலக்கமா இருக்கக்கூடாது ஆன்ட்டி, சொல்ல மறந்துட்டேன்!" என்று நானும் கத்தினேன். யார் கேட்டார்கள்? அவர் மகள் நெற்றியில் விபூதியை அப்பிக்கொண்டிருந்தார். "பனி ஜாஸ்தியாகுது தம்பி, ஜல்தி கிளம்புங்க" என்று அப்பா கதவைத் திறந்துவிட்டார். முனிர்கா வரை அழுதுகொண்டே நடந்தேன்.

மறுநாள் சுபா போன் செய்தாள். "அந்த விதி எனக்கு முன்னாடியே தெரியும்."

"பின்ன ஏன் அதைப் போட்டீங்க?"

"எனக்கு வேற ஒருத்தரைப் பிடிச்சிருக்கு. அப்பா காதுலயே வாங்கல. நீங்க போனதும் அவரே, 'நீ சொன்னவனையே கட்டிக்கோம்மா, இந்தப் பையன் மட்டும் வேண்டாம்'னுட்டார். ரொம்ப தேங்க்ஸ்."

இன்றும் வீட்டுக்கு யார் வந்தாலும், காபிக்கு முன்னால் இந்தக் கதையைத்தான் எடுத்துவைக்கிறாள் என் மனைவி.

"அவ கெட்டிக்காரி, தப்பிச்சுட்டா" என்பாள். "என்னைப் பார்க்க வந்தப்ப இவர் ஒரு கணக்கும் போடலியே!"