ராகேலுக்கு, பரீட்சைக்கு முன்னால்

திருவனந்தபுரம், கிள்ளிப்பாலம்
1934 மார்ச்சு, சனிக்கிழமை

கர்த்தருடைய கிருபையினாலே நாகர்கோவிலில் தன் தமையனார் வீட்டு மாடியறையில் அமர்ந்து மெட்ரிகுலேஷன் பரீட்சைக்கு ஆயத்தப்பட்டு வரும் என் பிரிய பாரியாள் ராகேலுக்கு, உன் புருஷன் சுவாமிதாஸ் அன்புடன் எழுதுவது. இவ்விடத்தில் நானும், நம் குமாரத்தி சரோஜமும், நமக்கு ஒத்தாசையாக வித்துராவிலிருந்து வந்திருக்கும் என் அக்காள் செல்லபாயும் பூரண சுகம். அவ்விடத்தில் நீயும் தங்கப்பன் மச்சானும் அவர் வீட்டாரும் அப்படியே சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

நிற்க. உன் கார்டு கிடைத்தது. மனசு நிலைகொள்ளவில்லை, புத்தகத்தைத் திறந்தால் எழுத்துக்கு மேலே சரோஜத்தின் முகம் வருகிறது, படித்தது போதும், திரும்பி வந்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். இங்கே சகலமும் ஒழுங்காக நடந்து வருகிறது. உன்னைத் தேடுகிறவர் ஒருவரும் இல்லை. உன்னை பஸ்ஸில் ஏற்றிய அன்றைக்கே மச்சான் என்னைத் தனியே கூப்பிட்டு, "மாப்பிளே, பரீட்சை முடியது வரைக்கும் அவளுக்கு நல்ல சேதி மட்டுந்தான் எழுதணும், கேட்டீரா? வீட்டுல ஒருத்தர் தும்மினாக்கூட எழுதப்பிடாது" என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஆகையால் நல்ல சேதிகளை மட்டும் எழுதுகிறேன்.

முதல் நல்ல சேதி, நானும் படிக்கிறேன். நீ விட்டுப்போன பழைய ஜியாமெட்ரி புத்தகம் அரிசிப் பானைக்குப் பின்னால் கிடந்தது. காலையில் நீ அங்கே ஜியாமெட்ரி பார்ப்பாய் அல்லவா, அதே நேரத்தில் நானும் இங்கே அதைத் திறந்து வைத்துக்கொள்கிறேன். இரண்டு ஊரில் இருந்துகொண்டு இரண்டு பேர் ஒரே பக்கத்தைப் பார்த்தால் நடுவில் இருக்கிற தூரம் கொஞ்சம் குறையாதா என்று ஒரு நினைப்பு. நாலாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அதில் என்ன விளங்கும்? ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் விடவில்லை. ஒரு நாள் இரும்புக் கடைக்கும் அதே நினைப்போடு போனேன். சாலைக் கடைத்தெருவில் அன்றைக்கு நல்ல கூட்டம். ஆரியநாட்டு ஆசாரி ஒருத்தர் வந்து கதவுக்குக் கீல் கேட்டார். எத்தனை வேண்டும் என்று கேட்க வேண்டிய நான், "இரண்டு பக்கமும் சமமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் மிரண்டு போய், "கதவுக்கு ஒரு பக்கந்தானே கீல் வைக்கும், இவருக்கு என்ன பற்றி, என்ன ஆச்சு?" என்று முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

முதலாளி பகவதிப்பெருமாள் பிள்ளை கோபப்படவில்லை. உனக்குப் பரீட்சை என்று அவருக்குத் தெரியும். தன் மூத்த மகன் பாஸ் பண்ணியது படிப்பினால் அல்ல, தான் கிண்டிக் கொடுத்த வல்லாரை லேகியத்தினால்தான் என்பது அவருடைய தீர்மானம். மறுநாள் ஒரு பரணி நிறைய லேகியம் கொண்டுவந்து, "உம்ம வீட்டுக்காரிக்கு அனுப்பும், ஞாபகசக்தி பெருகும்" என்றார். இந்த வெயிலில் பஸ்ஸில் அனுப்பினால் பொங்கி வழியும் என்று அக்காள் சொன்னாள். வீணாக்குவானேன் என்று நானே சாப்பிட்டுத் தீர்த்தேன். வயிற்றின் சங்கதியை எழுத மச்சான் அனுமதி இல்லை. ஆனால் ஞாபகசக்தி பெருகியது உண்மை. ஜியாமெட்ரி ஒரு வரிகூட நிற்கவில்லை, ராகேல். நீ பேனா நிப்பைத் தலைமுடியில் துடைக்கிறது ஞாபகம் வருகிறது. கோபம் வந்தால் பாத்திரத்தை மெதுவாக வைத்துவிட்டு மூடியை மட்டும் டமாரென்று வைக்கிறது ஞாபகம் வருகிறது. கீர்த்தனையில் முதல் வரியை விட்டுவிட்டு எப்போதும் இரண்டாம் வரியிலிருந்தே முணுமுணுக்கிறது ஞாபகம் வருகிறது. அந்த முதல் வரி என்னவென்று நானும் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், அது மட்டும் வரமாட்டேன் என்கிறது. இதை லேகியத்தின் குணமாக எழுதுகிறேனே தவிர, நீ வேறு விதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது நல்ல சேதி, நம் வீட்டில் எல்லாருக்கும் அம்மை குத்தியாயிற்று. பயப்படாதே, வியாதி ஒன்றும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். போன வாரம் புதன்கிழமை மத்தியானம் அக்காள் பின்பக்கம் மரச்சீனிக்கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தாள். சரோஜம் தெருப்படியில், வெயிலில், கேவிக் கேவி அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்த வழியாகக் கம்பவுண்டர் சேஷன் வந்திருக்கிறார். தஞ்சாவூர்க்காரர், இந்த ஊருக்கு வந்து கொஞ்ச காலந்தான் ஆகிறது, நம்ம பேச்சு அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. நல்ல மனுஷன். குனிந்து, "ஏண்டி கொழந்தே அழறே?" என்று கேட்டிருக்கிறார்.

"எனக்க அம்மை..." என்று இவள் ஆரம்பித்திருக்கிறாள்.

"அம்மையா? ஒனக்கா? எத்தனை நாளா?"

"கொறே நாளாச்சு, ரொம்ப நாளு."

தொட்டுப் பார்த்தால், வெயிலில் இருந்த பிள்ளை, உடம்பு கொதிக்கிறது. "ஆத்துல வேற யாருக்காவது உண்டா?" என்று கேட்டிருக்கிறார். இந்தச் சண்டாளி என்ன சொன்னாள் தெரியுமா? "அப்பாவும் அம்மையால அழுவாரு" என்றாளாம். நான் அழவில்லை, ராகேல். அக்காள் என்னைத்தான் உள்ளி நறுக்க உட்கார்த்தி வைக்கிறாள். அதில் கண் எரிந்து நீர் வடிவதைப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறாள்.

கடைசியாக அவர், "ஒங்கம்மா எங்கே?" என்று கேட்க, இவள், "மாமன் வீட்டுக்குக் கொண்டு போயாச்சு. பரீட்சை. யாரும் கிட்டப் போவப்பிடாது, சத்தம் போடப்பிடாது" என்று சொல்லியிருக்கிறாள். சேஷனுக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது, நேரே சுகாதார ஆபீசுக்கு ஓடிவிட்டார். அவர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன், அவர் இடத்தில் நான் இருந்தாலும் ஓடித்தான் இருப்பேன். சாயங்காலம் நான் கடையிலிருந்து வரும்போது நம் வாசலில் வேப்பிலை செருகியிருக்கிறது. எதிர் வீட்டுக்காரர்கள் செருகியது. நாம் கிறிஸ்தவர்கள் ஆயிற்றே என்று தயங்கி, சின்னக் கொப்பாகப் பார்த்துச் செருகியிருக்கிறார்கள். உள்ளே அம்மை குத்துகிறவர்கள் இரண்டு பேர் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அக்காள் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு, "எலேய், எனக்குக் குத்தியாச்சு, நீ வா" என்கிறாள். ஐயா, அம்மை என்றால் தாயார், எங்கள் பக்கத்துப் பேச்சு அது, தாயார் பரீட்சைக்குப் போயிருக்கிறாள் என்று நான் சொல்லச் சொல்ல, அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணமாகி நாலு வயதுப் பிள்ளை உள்ள பெண் பரீட்சைக்குப் போயிருக்கிறாள் என்பதைவிட வைசூரி என்பதே அவர்களுக்கு நம்பக்கூடியதாக இருந்தது. குத்திவிட்டுத்தான் போனார்கள்.

அதற்குப் பிறகு நம் சபை உபதேசியார் வந்தார். வீட்டுக்குள் வராமல் சாலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, வண்டிச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி நமக்காக உரக்க ஜெபம்பண்ணினார். "வியாதிப்படுக்கையில் இருக்கும் சகோதரி ராகேலை எழுந்திருக்கப்பண்ணும்" என்று அவர் கேட்டபோது நானும் ஆமென் என்றேன். வேறென்ன சொல்ல? முதலாளி, சங்கதி தெளிகிற வரையில் கடைக்கு வரவேண்டாம் என்று ஆள் அனுப்பிவிட்டார். ஆகையால் நான் இப்போது முழு நேரமும் வீட்டில்தான் இருக்கிறேன். வீட்டில் இருக்கிறதுதான் கஷ்டம். கடையில் இருந்தால் ஆணியும் கீலுமாகப் பொழுது போகும். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் நீ வைத்த இடத்தில் நீ வைத்த சாமான் இருக்கிறது.

நேத்து மத்தியானம் சரோஜத்துக்கு அம்மை குத்தின கை வீங்கி நல்ல காய்ச்சல். அது வரத்தான் செய்யும்னு சேஷனே வந்து பார்த்துட்டுச் சொல்லிட்டுப் போனார், அவருக்கு ரொம்ப வெக்கம், கண்ணை நிமித்திப் பேசல. பிள்ளை எங்கிட்டயும் நிக்கல, அக்காகிட்டயும் நிக்கல. உன் நீலச் சேலை, அந்த மை கொட்டினது, பெட்டியில இருந்துச்சு. அதை எடுத்து மடியில விரிச்சு அவளைப் படுக்க வச்சேன். மூக்கை அதுல வச்சு மோந்து பாத்தா. பிறகு கேக்குறா, "அப்பா, பரீட்சைன்னா என்ன?"

"நமக்குத் தெரிஞ்சதை ஒரு தாள்ல எழுதிக் குடுக்கணும். அதான்."

"அம்மைக்குத் தெரியுமா?"

"எல்லாம் தெரியும்."

"பின்ன எதுக்கு அங்க போனா?"

மெட்ரிகுலேஷன்ல இந்த மாதிரி ஒரு கேள்வி வந்தா நீ பதில் எழுதிருவே. அவளைத் தட்டிக்கிட்டே இருந்தேன். அவ தூங்கின பிறகும் சேலையை எடுக்கல. எடுக்க மனசில்ல.

இதையெல்லாம் படிச்சுட்டு நீ கிளம்பி வந்துறாதே பிள்ளே. காய்ச்சல் இன்னிக்கு விட்டாச்சு, கஞ்சி குடிச்சுட்டு அக்காளோட சண்டை போட்டுக்கிட்டிருக்கா. போன வருஷம் நீ பரீட்சை மண்டபத்திலிருந்து வெளியே வந்தது எனக்கு இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. மாசக்கணக்கா உறங்காம, வாய்க்கு ருசியா ஒண்ணு தின்னாம படிச்சுட்டு, அங்கே போய் உக்காந்ததும் கை எழும்பல, நிப்புல மை காஞ்சு போச்சுன்னே. வீட்டுக்கு நடந்து வர்ற வழியில, "நான் மக்கு இல்லியே?"ன்னு கேட்டே. நீ மக்குன்னா என் கடைச் சிட்டைக் கணக்கெல்லாம் யார் சரி பாத்தது? நீ படிக்காம தோக்கல, ராகேல். பயந்து தோத்தே. ஸ்கூல் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கணும்னு கல்யாணமான நாள்லேருந்து நீ சொல்லிக்கிட்டிருக்கே. அடுப்புல ஒரு கண்ணும் புத்தகத்துல ஒரு கண்ணுமா இத்தனை வருஷம் நீ படிச்சது எனக்குத் தெரியும்.

ஆகையினால் பரீட்சைக்குப் போகிறவர்கள் எப்படி நடக்க வேண்டும் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்தேன். முதலாளி லேகியம் என்கிறார். உபதேசியார் உபவாசம் என்கிறார். அக்காள் நெய்மீன் என்கிறாள். நான் என் புத்திக்கு எட்டியதைச் சொல்கிறேன். பொழுதோடே படுத்துவிடு. வயிறாரச் சாப்பிடு. சாயங்காலம் மாடியை விட்டு இறங்கி, கோட்டாறு வரைக்குமாவது மைனியோடு காலாற நடந்து வா, அப்போது புத்தகம் கையில் இருக்கக் கூடாது. புதுசாக ஒன்றும் படிக்காதே, படித்ததையே திரும்பப் பார். மண்டபத்தில் தாளைக் கையில் வாங்கினதும் ஒரு மிடறு தண்ணீர் குடி. தெரிந்த கேள்வியை முதலில் எழுது. தெரியாத கேள்வி வந்தால், அது எனக்காகக் கேட்ட கேள்வி என்று நினைத்துச் சிரித்துவிட்டுத் தாண்டிப் போ. தேறினாலும் தேறாவிட்டாலும் நீ திரும்பி வருகிற வீடு இதுதான், கதவு இதேதான்.

தேவனாகிய கர்த்தர் உன் கைக்குப் பெலனையும் உன் மனதுக்குச் சமாதானத்தையும் அருளிச்செய்வாராக. மச்சானுக்கும் மைனிக்கும் என் ஸ்தோத்திரம். செல்லபாய் அக்காள் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். சரோஜத்தின் முத்தங்கள் தாளில் எண்ணெய்க் கறையாக இருக்கின்றன. என்னுடையதைக் கறையில்லாமல் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன்னைச் சற்றும் தேடாத,
சுவாமிதாஸ்

பி.கு. அக்காளுக்கு வாசிக்கத் தெரியாதல்லவா, அதனால் இதை ஒரு தடவை உரக்கப் படித்துக் காட்டினேன். பாதி வரைக்கும் சிரித்தாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். முடிந்ததும், "எலேய் தாசு, இதைப் பாத்தா அவ பேனாவைப் போட்டுட்டு அடுத்த பஸ்ஸுல வந்து நிப்பா. அதுக்குத்தானே எழுதியிருக்கே?" என்று கேட்டாள். அதற்குத்தான் எழுதியிருக்கிறேன் என்பது அவள் கேட்கிற வரைக்கும் எனக்கே தெரியாது. சத்தியமாகத் தெரியாது. வரவேண்டாம், வரவேண்டாம் என்று எழுதிய ஒவ்வொரு இடத்திலும் வா என்றுதான் கை எழுதியிருக்கிறது. ஆகவே இதை அனுப்பவில்லை. பரீட்சையெல்லாம் எழுதி முடித்து நீ வீட்டுக்கு வந்து, கால் நீட்டி உட்கார்ந்து, வெற்றிலை போடுகிற அக்காளோடு சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரிப்பதற்காக வைத்திருக்கிறேன். இப்போதைக்கு ஒரு கார்டு வாங்கி இவ்வளவு மட்டும் எழுதித் தபாலில் போட்டுவிட்டு வந்தேன்: "எல்லாரும் சுகம். சரோஜம் நன்றாகச் சாப்பிடுகிறாள். நிதானமாக எழுது. கடைசிப் பரீட்சை அன்றைக்கு மண்டபத்து வாசலில் நாங்கள் நிற்போம்."