அக்டோபரில் கோப்பை வென்றவர்

தோற்றால் அழுகிறவரையும் வென்றால் குதிக்கிறவரையும் உங்களுக்குத் தெரியும். அவர்கள் சாதாரண ரசிகர்கள், அவர்களுக்காக நான் மை செலவழிக்க மாட்டேன். நான் சொல்லவந்த இனம் வேறு. எண்பத்திரண்டு ஆட்டங்கள் கொண்ட ஐஸ் ஹாக்கிப் பருவத்தில் மூன்றாவது ஆட்டம் முடிந்த மறுநாள் காலையிலேயே கோப்பையை வாங்கி, முத்தமிட்டு, ஊர்வலமும் விட்டு, ஊர்வலத்தில் வெயில் முகத்தில் அடிக்காமல் இருக்கத் தெருவின் எந்தப் பக்கம் நாற்காலி போட வேண்டும் என்பதையும் முடிவு செய்துவிடுகிறவர் இவர். கோப்பையை ஜூன் மாதத்தில்தான் தருவார்கள். தரட்டுமே! இவருக்கு அக்டோபரிலேயே கிடைத்துவிடும்.

எங்கள் சஸ்கட்டூன் நகரத்தில் முதல் பனி விழுவதற்கு முன்பே இவர்கள் தெருவுக்கு நாலு பேராக முளைத்துவிடுவார்கள். அவர்களில் தலையாயவர் என் பக்கத்து வீட்டு ஒரெஸ்ட் பிலுக். வயது ஐம்பத்தெட்டு. டிராக்டர் உதிரிபாகக் கடையில் மேலாளர். வேலையில் கெட்டி. ஒரு திருகாணியைக்கூட இரண்டு முறை அளக்காமல் கையில் கொடுக்க மாட்டார். ஆனால் எங்கள் அணியான 'கொக்குகள்' பனித்தளத்தில் கால் வைத்துவிட்டால் போதும், அளவுகோலைத் தூக்கி எறிந்துவிடுவார். கொக்குகள் இருபத்தாறு வருடமாக ஒற்றைக்காலில் நிற்கின்றன, இன்னும் மீன் சிக்கவில்லை. அது ஒரெஸ்ட்டுக்குப் பொருட்டே இல்லை. போன வருடம் வேறு, இந்த வருடம் வேறு. எல்லா வருடமும் அப்படித்தான்.

இந்த வருடம் முதல் ஆட்டத்தில் ஐந்துக்கு ஒன்று என்று ஜெயித்தோம். காலையில் டோனட் கடையில் ஒரெஸ்ட் நாற்காலியில் உட்காரவே இல்லை, நின்றபடியே காப்பி குடித்தார்.

"பாத்தியாய்யா நம்ம கோலிய? ஆர்சனோ! கோல்கீப்பரா அது? மதில் சுவரு! எறும்பு போகணும்னாகூட அவன்கிட்ட அனுமதி வாங்கணும்!"

எதிரே இருந்த கார்ட், ஒரெஸ்ட்டின் நாற்பது வருடச் சிநேகிதர், டோனட்டை மெல்லக் கடித்தார். "ஒரு ஆட்டம்தானேடா ஆகியிருக்கு."

"ஒரு ஆட்டமா? எண்பத்திரண்டுல ஒண்ணு முடிஞ்சிருச்சுடா! இன்னும் எண்பத்தொண்ணுதான்!"

இரண்டாவது ஆட்டமும் வெற்றி. மூன்றாவதும். நான்காவது ஆட்டத்தில் ஆர்சனோ, பந்துக்குப் பதிலாக இந்த ஆட்டத்தில் அடிக்கும் ரப்பர் வட்டை ஒரு முறைகூட வலைக்குள் விடவில்லை. அன்று முதல் ஒரெஸ்ட் தன் கொக்குப் படம் போட்ட சட்டையைத் துவைக்க விடவில்லை. அதிர்ஷ்டம் கரைந்து போய்விடுமாம். அவர் மனைவி டார்லீன் அந்தச் சட்டையை ஒரு குச்சியால் எடுத்து வாகனக் கொட்டகையில் தொங்கவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரெஸ்ட் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் வரப்போகிற இரண்டாவது அவென்யூவுக்கே போய், சாரல் காற்றில் அரை மணி நேரம் நடைபாதையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார். வங்கி இருக்கும் பக்கம்தான் சிறந்ததாம். நிழலும் உண்டு, கழிப்பறையும் கிட்டே.

இதுவரை யாருக்கு என்ன நஷ்டம்? சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஒரெஸ்ட் நாட்காட்டியைப் புரட்டினார்.

இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் ஜூன் இரண்டாவது சனிக்கிழமை வரலாம். அதே சனிக்கிழமை அவருடைய ஒரே மகள் லரிசாவுக்குக் கல்யாணம். உக்ரைனியர் மண்டபத்தைப் பதிவு செய்து ஒரு வருடம் ஆகிறது. இரண்டு பக்கத்து உறவையும் ஒன்றாகத் தாங்கக்கூடிய மண்டபம் அது ஒன்றுதான். மாப்பிள்ளை பிரைஸ் பொட்டாஷ் சுரங்கத்தில் வேலை பார்க்கும் தங்கமான பையன், ஜூலையில் இரண்டு வருட வேலையாகச் சிலி நாட்டுக்குப் போகிறவன். அவனிடம் ஒரே ஒரு குறை. ஹாக்கி பார்க்க மாட்டான், பனித்தளத்தில் கல்லைத் தள்ளிவிட்டு அதன் முன்னால் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே போகும் கர்லிங் ஆடுவான். "பனியத் தொடப்பத்தால பெருக்குறவனுக்கு என் பொண்ணா!" என்று ஒரெஸ்ட் ஒரு மாதம் சாப்பாடு இறங்காமல் திரிந்தார்.

அவர் மகளிடம் பக்குவமாகத்தான் ஆரம்பித்தார். "லரிசாக் கண்ணு, ஆகஸ்ட் மாசம் கல்யாணத்துக்கு எவ்வளவு நல்ல மாசம் தெரியுமா?"

"அப்பா, நாலு ஆட்டம்பா. வெறும் நாலு."

"நாலுக்கு நாலும்மா!"

"அந்தப் பேச்ச இத்தோட விடுங்க."

அவர் விட்டுவிட்டார், பேச்சை மட்டும். மறுநாள் கடையிலிருந்தபடியே மண்டபத்துக்குப் போன் போட்டு ஜூன் தேதியைக் கைவிட்டார். ஆகஸ்ட்டில் ஒன்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார். அப்போது மாப்பிள்ளை சிலியில் இருப்பான் என்பது அவர் நினைவுக்கே வரவில்லை. ஏன் செய்தீர் என்று நான் பின்னால் கேட்டபோது, "நாலும் ஜெயிச்சிருந்தோமே" என்று மட்டும் சொன்னார். அவர் கண்ணில் கபடமே இல்லை. அதுதான் இந்த இனத்தின் ஆபத்து.

ஐந்தாவது ஆட்டத்தில் கொக்குகள் தோற்றன. ஆறாவதில் உதை வாங்கின. ஏழாவதில் ஆர்சனோவின் கால்களுக்கு நடுவே வட்டு போன வேகத்தைப் பார்த்தால், எறும்பென்ன, என் லாரியையே ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம் என்று தோன்றியது. 'நாம' ஜெயித்த அணி இப்போது 'அவனுங்க' தோற்ற அணியாகிவிட்டது.

"நான் மொதல்லயே சொன்னேன்ல, அந்த மதில் சுவருல ஓட்டை இருக்குன்னு!"

"எப்படா சொன்னே?" என்றார் கார்ட்.

"மனசுக்குள்ள சொன்னேன்டா."

அந்த வாரம்தான் டார்லீன் விருந்துக்கு எத்தனை மேசை போடலாம் என்று கேட்க மண்டபத்துக்குப் போன் போட்டாள். ஜூன் தேதி வேறொரு ஜோடிக்குப் போய்விட்டது, ஆகஸ்ட்டிலும் இடமில்லை என்று பதில் வந்தது. நான் அப்போது வேலியோரம் இலை வாரிக்கொண்டிருந்தேன். ஒரெஸ்ட் வெளியே வந்து, வாரி முடித்த என் இலைக் குவியலின் பக்கத்தில் நின்றார்.

"பொண்ணு வர்றா," என்றார். "நீ கொஞ்ச நேரம் இங்கயே நில்லேன்."

லரிசா வந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

"ஏம்பா, நான் பிறந்தன்னைக்கு ஆட்டம் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

"போனீங்களா?"

ஒரெஸ்ட் காலால் ஒரு இலையைக் குவியலுக்குள் தள்ளினார். "மூணாவது சுத்து பாக்காமலே வந்துட்டேம்மா," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்லவேளை, லரிசாவுக்கும் வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள். "பிரைஸ் சிலிக்குக் கிளம்புறதுக்குள்ள மண்டபம் ஒரே ஒரு சனிக்கிழமை காலியா இருக்கு. நவம்பர் முதல் சனி. ஏன் காலியா இருக்குன்னு உங்களுக்கே தெரியும். அன்னைக்குச் சொந்த ஊர்ல ஆட்டம். எடுத்துட்டேன். நீங்க வர்றீங்க. போன் கொண்டு வரக் கூடாது."

இரண்டே வாரத்தில் எப்படிக் கல்யாணம் நடந்தது என்று கேட்காதீர்கள். தேவாலயப் பெண்கள் ஒன்றுகூடி ஆயிரத்தைந்நூறு பெரோகி பிடித்தார்கள். கொழுக்கட்டை போலத்தான், உள்ளே உருளைக்கிழங்கு. ஒரெஸ்ட்டும் மாவு தேய்த்தார். அதற்குள் கொக்குகள் ஒன்பது ஆட்டம் தொடர்ந்து தோற்றிருந்தன. அவர் அடுத்த உருண்டையை எடுத்துத் தேய்த்தார்.

கல்யாணத்தன்று மண்டபத்தில் பாதி ஆண்களின் காதில் ஆட்ட வர்ணனை கேட்க ஒரு சிறு கம்பி இருந்தது. அப்பாவும் மகளும் ஆடும் நேரம் வந்தது. இசை தொடங்கிய கொஞ்ச நேரத்தில், தூணோரம் நின்ற கார்ட், ஒரெஸ்ட்டைப் பார்த்து மூன்று விரல் காட்டினார். அடுத்த சுற்றில் நான்கு. கார்டின் முகமோ பெரோகித் தட்டுப் போல மின்னியது.

லரிசா பார்த்துவிட்டாள். "அப்பா, போய்க் கேட்டுட்டு வாங்க. பரவால்ல."

"வேண்டாம்மா."

"நெசமாவா?"

"பேசாம ஆடு. காலை மிதிச்சிரப் போறேன்."

மிதித்தார். இருந்தாலும் பாட்டு முடியும்வரை மகளின் கையை விடவில்லை. கார்ட் ஐந்தாவது விரலை நீட்டியபோது ஒரெஸ்ட் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் டோனட் கடையே திருவிழாவாக இருந்தது. ஏழுக்குப் பூஜ்யம்! ஒரெஸ்ட் உள்ளே நுழைந்ததும் எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள்.

"நீ பாக்காததாலதான்டா ஜெயிச்சோம்," என்றார் கார்ட். "சொல்லு, உனக்கு இன்னொரு பொண்ணு இருக்காளா?"

ஒரெஸ்ட் அடக்கமாகச் சிரித்தார். காப்பி வாங்கினார். உட்காரவும் செய்தார். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். காகிதக் கைக்குட்டையை விரித்து, பேனாவை எடுத்தார்.

"இன்னும் அறுபத்தெட்டு ஆட்டம் பாக்கி," என்றார். "அறுபத்தெட்டையும் ஜெயிச்சுட்டோம்னு வைய்யி..."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நம் ஊரில் ஹாக்கி இல்லை, பனியும் இல்லை, எனக்கு இந்த வியாதி வராது என்று நிம்மதியாகச் சாயுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். புதுச் செருப்பு வாங்கி உடம்பு இளைக்க மூன்று நாள் காலையில் நடந்துவிட்டு, இனி இதெல்லாம் தொளதொளவென்றிருக்கும் என்று பழைய கால்சட்டைகளை எல்லாம் தானம் கொடுத்தது யார்? நாலாம் நாள் மழை பெய்து நடையும் நின்றுபோனதே, அன்று எதைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தீர்கள்?