சத்தமே இல்லாத கணினி

எங்கள் கலைத்துறை அலுவலகம், ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் புதுக் கணினி வாங்க முடிவு செய்தது. முடிவெடுக்க இரண்டு வருடம் ஆனது. வழக்கமான வேகம்தான்.

கூடத்தில் பதினாறு மைக்குகள் இருந்தன, அவற்றைக் கணினியோடு இணைக்கும் பெட்டியும் இருந்தது. பழைய கணினிதான் பாதி வாசிப்பில் நின்றுவிடும்; நிற்காத நேரத்தில் மாவு மில் மாதிரி இரையும். வெள்ளிக்கிழமை பதினாறு பேர் கொண்ட வாத்தியக் குழு வருகிறது. சனிக்கிழமை அவர்கள் ஆளுக்கொரு நாட்டுக்குப் போகிறார்கள். இனி ஒன்றாக உட்கார்ந்து வாசிக்கப்போவதில்லை. அதனால் ஒலிப்பதிவாளர் அக்கா தேவைப்பட்டியலை மூன்று தடவை திருத்தி எழுதினார். பதினாறு மைக்கையும் தனித்தனியே பதிய வேண்டும். நினைவகம் தாராளமாக வேண்டும். சத்தம் மட்டும் கூடவே கூடாது.

மூன்று கணினிகள் வந்தன. மற்றதையெல்லாம் அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்ததைப் படித்தே அலுவலகத்தின் கொள்முதல் குழு சரிபார்த்துவிட்டது. சத்தத்தை மட்டும் நேரில் சோதித்தார்கள்.

முதல் கணினி ஏழு நிறத்தில் மின்னியது. இயக்குநருக்கு அதைவிட்டுக் கண்ணை எடுக்க மனமில்லை. ஆனால் அதன் விசிறிகள் மேலே கிளம்பிவிடுவதுபோல் சுற்றின. இரண்டாவது லேசாக முனகியது. மூன்றாவதிடமிருந்து மூச்சுகூட வரவில்லை.

"சார், இது ஆனே ஆகல," என்றார் அக்கா.

கொள்முதல் கண்காணிப்பாளர் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தார். "ஆன் ஆகணும்னு இதுல எங்கம்மா இருக்கு?"

"அதையும் எழுதணுமா சார்?"

"எழுதாததை நாங்க எப்படிக் கேக்கறது?"

"இப்பவே ஒரு வரி சேர்த்துடறேன்."

"தாராளமா. திருத்தத்துக்குத் தனிக் கோப்பு போடணும். ரெண்டு வருஷம் ஆகும்."

"ஆன் ஆனாத்தானே வைரஸ் வரும்," என்று இயக்குநர் ஆறுதல் சொன்னார். "என்ன, விளக்கு இல்லாததுதான் குறை."

குறை நீக்கப்பட்டது. தனியாக வண்ண விளக்குச் சரம் வாங்கி அதன்மேல் ஒட்டினார்கள். 'மேற்படி கணினி, எதிர்பார்ப்பையும் விஞ்சிய அமைதியைக் கடைப்பிடித்தமையால் ஏகமனதாகத் தேர்வு செய்யப்பட்டது' என்று கூட்டக் குறிப்பு பதிவானது.

வெள்ளிக்கிழமை காலை அக்கா மகளின் லேப்டாப்பைப் பையில் வைத்தார்.

"அம்மா, என் நோட்ஸெல்லாம் அதுலதான் இருக்கு. உங்க ஆபீஸ்ல கம்ப்யூட்டரே இல்லையா?"

"இருக்குடா கண்ணு. அமைதியா இருக்கு."

மின்னிக்கொண்டிருந்த புதுக் கணினியின் முதுகுக்குப் பின்னால் லேப்டாப்பை ஒளித்துவைத்து அக்கா பதிவு செய்தார். குழு வாசித்து முடித்தபின் யாரும் உடனே எழுந்திருக்கவில்லை. பதினாறு தடங்களும் ஒரு கீறல் இல்லாமல் விழுந்திருந்தன.

கண்காணிப்பாளர் படிவத்தோடு வந்தார். "எதுல பதிஞ்சீங்க?"

"சொந்த லேப்டாப்னு எழுதினா என்ன ஆகும் சார்?"

"வெளிச் சாதனம். விதிப்படி அழிச்சுடணும்."

"ஆபீஸ் கம்ப்யூட்டர்னு எழுதினா?"

"காப்பகத்துல காலாகாலத்துக்கும் இருக்கும்."

கூடத்தில் வயலின்காரர் பெட்டியை மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பேனாவை வாங்கினார். 'கணினியின் செயல்பாடு' என்ற கட்டத்தைக் காலியாக விடக்கூடாதாம். 'மிகவும் திருப்தி' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அந்த ஒரு கையெழுத்தை நம்பி, நாற்பது கிளைகளுக்கும் அதே கணினி அனுப்பப்பட்டது, விளக்குச் சரம் உட்பட. ஒரே மாதத்தில் முப்பத்தொன்பது கிளைகளிலிருந்து 'மிகவும் திருப்தி' வந்து சேர்ந்தது. ஒரு கிளை அலுவலர் மட்டும், கணினி இயங்கவில்லை என்று எழுதிவிட்டார்.

முப்பத்தொன்பது பேர் இயக்கும் கருவியை இயக்கத் தெரியாத அவருக்கு, உடனடியாகப் பயிற்சி தர உத்தரவானது. பயிற்றுநர், ஒலிப்பதிவாளர் அக்கா.

அக்கா போனார். அந்த அலுவலர் கணினியைக் காட்டி, நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, பேனாவோடு பவ்யமாகக் காத்திருந்தார்.

அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்து முதல் பாடத்தைத் தொடங்கினார்.

"உங்க வீட்ல படிக்கிற பிள்ளைங்க இருக்காங்களா சார்?"