காலிக் குழிக்குக் காவல் இருந்த டிரெஸர்

பூவுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மனிதனைப் பார்த்து "உனக்கு ஒண்ணுமில்ல, வேலைக்குப் போ" என்று சொன்ன வைத்தியர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் கேமரன் மலையில் எங்கள் தோட்டத்து டிரெஸர்.

தேயிலைத் தோட்டத்தைச் சுற்றுலா போய் மட்டும் பார்த்தவர்களுக்காகச் சொல்கிறேன். டிரெஸர் என்றால் தோட்டத்துக் கிளினிக்கில் ஊசி போடுகிறவர், புண்ணுக்குக் கட்டுக் கட்டுகிறவர், எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருநாள் லீவுக்கு உயிர்நாடியான எம்.சி. என்கிற மெடிக்கல் சீட்டில் கையெழுத்துப் போடுகிறவர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. நான் அங்கே பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, என்பதால் மாதாமாதம் சம்பளப் பட்டியலில் அதை நானே டைப் அடித்திருக்கிறேன். இப்போது கேட்டால் ஞாபகம் வரவில்லை.

அவருடைய வைத்தியமே தனி. காய்ச்சல் என்று போனால் நெற்றியைத் தொடமாட்டார். ஜன்னல் பக்கம் பார்ப்பார்.

"வெளிய மழையா?"

"ஆமாண்ணே."

"நனைஞ்சுக்கிட்டேதானே வந்த?"

"ஆமாண்ணே."

"நனைஞ்சும் நடந்து வந்திருக்க. நல்லாத்தான் இருக்க. போ லா."

நான் வாரத்துக்கு இரண்டு தடவையாவது போவேன். எனக்கு எதைக் கண்டாலும் படபடப்பு. ஹெட் ஆபீஸிலிருந்து ஈமெயில் வந்தால் படபடப்பு. வராவிட்டால், ஏன் வரவில்லை என்று இரண்டு மடங்கு படபடப்பு. டிரெஸர் என் கையில் பிரஷர் மெஷினைச் சுற்றி, ஊதி, புஸ்ஸென்று காற்றை விட்டுவிட்டுச் சொல்வார்: "கிராணி, உன் இதயம் நல்லாத்தான் இருக்கு. நீதான் அதுக்குச் சரியில்ல."

மனிதர்களிடம் காட்டாத கரிசனத்தையெல்லாம் அவர் கிளினிக்குக்கும் தொழிலாளர் வீடுகள் இருக்கிற லயத்துக்கும் நடுவிலிருந்த ஒரு பாத்தியில் கொட்டினார். பாய் விரித்தால் மூடிவிடும், அவ்வளவுதான் பாத்தி. அதில் சில பூக்களுக்கு வெள்ளைக் கட்டுத்துணி சுற்றியிருக்கும். கொழுந்து பறிக்கப் புதிதாக வந்த பெண் ஒருத்தி பதறிப்போய்க் கேட்டாள்: "அண்ணே, இந்தப் பூவுக்கு என்ன அடிபட்டுச்சு?"

"அடியெல்லாம் இல்ல. நேத்துதான் கல்யாணம் ஆச்சு. தொந்தரவு பண்ணாம போ."

அது பிங்க்ஸ் பூ. கார்னேஷனுக்குத் தங்கச்சி முறை. சின்னப் பூ, ஐந்தே இதழ், ஓரத்தை யாரோ கத்தரிக்கோலால் பல் பல்லாக நறுக்கிவிட்ட மாதிரி இருக்கும். முகர்ந்தால் பிரியாணிச் சட்டியைத் திறந்ததுபோல் கிராம்பு வாசனை. குளிர் என்றால் அதற்கு உயிர், ஈரம் என்றால் ஆகாது. எங்கள் மலையில் குளிரும் ஈரமும் புருஷன் பெண்டாட்டிபோல ஒன்றாகத்தான் வரும். மத்தியானமானால் மழை, சாயங்காலம் பனி. பிங்க்ஸ் இரண்டே நாளில் நனைந்த பேப்பராகிவிடும்.

இதைத்தான் பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் ஒரு பூ வியாபாரி அவரிடம் சொன்னார். தோட்டம் முழுக்கப் பிளாஸ்டிக் கூரை போட்டவர் அவர். "கூரை இல்லாம கேமரன்ல இத வளர்க்கவே முடியாது. யாராலயும் முடியாது லா" என்றார். அந்த மனிதர் செய்த தவறு அந்த இரண்டாவது வாக்கியம். டிரெஸர் இரண்டு நிறத்தில் ஆறு செடி வாங்கிக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் ஏறும்போது, "மழையில நிக்கிற பிங்க்ஸ நான் பொறக்க வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

முதலில் மண். தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும், பிங்க்ஸுக்குச் சுண்ணாம்பு மண். தேயிலைக் காட்டுக்கு நடுவே சுண்ணாம்பு மண்ணுக்கு எங்கே போவது? லயத்தில் யார் முட்டை உடைத்தாலும் ஓட்டைக் காயவைத்துக் கிளினிக்கில் சேர்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஓடு இல்லாமல் மாத்திரைக்கு வருகிறவன் வரிசையில் கடைசி. எனக்கு ஆம்லெட் என்றாலே வெறுத்துப்போனது அந்த நாட்களில்தான். கோலா தெர்லாவிலிருந்து ஈப்போவுக்குக் காய்கறி இறக்கப் போகிற லோரி ஒன்று, திரும்பும்போது சுண்ணாம்புக்கல் தூள் மூட்டை ஏற்றி வந்தது. மோட்டார் பின்னால் அதைக் கட்டிக்கொண்டு அவர் தோட்டத்துக்குள் வந்தால் தலையிலிருந்து கால்வரை விபூதி பூசியது போலிருப்பார்.

பிறகு கல்யாணங்கள். கண்ணில் விழுந்த தூசியை எடுக்கிற இடுக்கியால் ஒரு பூவின் மகரந்தப் பைகளை, அவை வெடிப்பதற்குள், ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். இன்னொரு செடியின் மகரந்தத்தைப் பஞ்சுக்குச்சியால் எடுத்துவந்து தடவுவார். நூல் கட்டி, கட்டுத்துணி சுற்றி, யாருக்கும் யாருக்கும் கல்யாணம் என்று நோயாளிகள் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுவார். விதை முற்றியதும் முளைக்கவிட்டு, கன்றுகளைத் திறந்த வானத்துக்குக் கீழே வைத்துவிடுவார். மழை அடித்துத் துவைக்கும். பெரும்பாலானவை அழுகிப் போகும். அழுகாத நாலைந்துக்கு மறுபடி கல்யாணம். இப்படி எட்டு வருஷம்.

எட்டாம் வருஷம் ஒருநாள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

"கிராணி, வா."

"யாருக்கு என்னாச்சுண்ணே?" நான் அதற்குள் எழுந்து நின்று நெஞ்சைப் பிடித்துவிட்டேன்.

"வான்னா வா."

விடாமல் மூன்று நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. பாத்தியில் மற்றதெல்லாம் சேற்றில் படுத்துக் கிடந்தது. ஒரே ஒரு செடி, பாத்தியின் ஓரத்தில், நேராக நின்றது. பால் வெள்ளை, நடுவில் கருஞ்சிவப்பு. காற்று அடித்தபோது தலையைச் சிலுப்பித் தண்ணீரை உதறியது.

"நின்னுருச்சு" என்றார். பிறகு கிளினிக்குக்குப் பின்னால் போய் ரொம்ப நேரம் மூக்கைச் சிந்தினார்.

அடுத்த மாதம் ஹெட் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. தேநீர் குடித்துப் படம் எடுத்துக்கொள்ள வருகிற சுற்றுலாக்காரர்களுக்குக் கார் நிறுத்த இடம் வேண்டுமாம். கிளினிக்குக்கும் லயத்துக்கும் நடுவிலிருக்கிற நிலத்தை மட்டம் செய்து தார் போடுவது என்று முடிவு. அறிவிப்பை டைப் அடித்து ஒட்ட வேண்டியவன் நான். டைப் அடிக்கும்போதே எனக்கு வியர்த்தது. கேமரன் மலையில் வியர்த்த முதல் கிராணி நானாகத்தான் இருக்கும்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நான் டைப் அடிச்சேன், அவ்வளவுதான்."

முழுசாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "எப்போ?"

"வெள்ளிக்கிழமை காலைல. மண்ணு தோண்டுற பேக்கோ வருது. செடிய வேற இடத்துக்கு மாத்திரலாமேண்ணே?"

"காய் புடிச்சு நிக்கிறத புடுங்கினா செத்துரும். நிறைமாசக்காரிய வீடு மாத்துவியா?"

"அப்போ மேனேஜர் துரைகிட்ட கேட்டுப் பாருங்களேன்."

"கேட்டா, குடுக்கலாமா வேணாமான்னு அவர் யோசிக்கணும். எதுக்கு அவருக்கு வீண் வேலை." அறிவிப்பை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். "நல்லா பசை போட்டு ஒட்டு. மழைக்கு விழுந்திரும்."

வியாழக்கிழமை முழுதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. உலகத்தில் அது ஒன்றுதான், வேறு கிடையாது, பேக்கோவின் ஒரு வாய்க்குக் காணாது என்று புலம்பினேன். என் மனைவி முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள்.

"இவ்வளவு கவலை இருந்தா துரைகிட்ட போய் வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே?"

"யாரு, நானா?"

"பின்ன, இட்லிப் பானையா போய்ச் சொல்லும்?"

அவள் கிண்டலுக்குச் சொன்னாள். எனக்கு அதில் வழி தெரிந்தது. வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமல், பனிக்குள், இட்லிப் பானையையும் குழம்புக் கரண்டியையும் எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போனேன். முட்டி போட்டு, அந்தச் செடியைச் சுற்றி ஆழமாகத் தோண்டி, மண்ணோடு பெயர்த்துப் பானையில் இறக்கினேன். ஆபீஸுக்கு ஓடி, இரும்பு பீரோவில் லீவு ஃபைல்களை ஒதுக்கி உள்ளே வைத்துப் பூட்டினேன். நான் செய்தது திருட்டா வீரமா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டுக்கும் கை ஒரே மாதிரிதான் நடுங்குகிறது.

எட்டு மணிக்கு வெளியே சத்தம். போய்ப் பார்த்தேன். டிரெஸர் வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு, கிளினிக் ஸ்டூலைப் பாத்தியில் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் தோண்டிய குழிக்கு நேர் மேலே. எதிரே பேக்கோ உறுமிக்கொண்டிருந்தது. வேலைக்குப் போகிற பெண்கள் கூடையோடு வேடிக்கை பார்த்து நின்றார்கள். செடி என்னிடம் இருப்பது தெரியாமல் மனிதர் வெற்றுக் குழிக்காக உயிரைக் கொடுக்கப் போகிறாரே என்று எனக்குக் கண் இருட்டியது. சொல்லிவிடலாம். சொன்னால் துரை என் சீட்டைக் கிழிப்பார்.

டிரெஸர் பேக்கோக்காரனைக் கையசைத்துக் கூப்பிட்டார். ரிங்லெட் ஊர்ப் பையன், வாட்டசாட்டமானவன். அவன் கையில் பிரஷர் மெஷினைச் சுற்றி ஊதினார்.

"பிரஷர் ஏறியிருக்கு. இன்னிக்கி நீ மெஷின் ஓட்டக்கூடாது." எம்.சி. சீட்டை எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.

"எனக்கு ஒண்ணும் பண்ணலியேண்ணே."

"அத நான்தான் சொல்லணும்."

எட்டு வருஷம் கெஞ்சியும் எனக்குக் கிடைக்காத எம்.சி. எனக்கு அந்த நேரத்திலும் வயிறெரிந்தது.

துரை வந்தார். கோலாலம்பூர்க்காரர், சின்ன வயசு, மரியாதையாகப் பேசுவார். அந்த மரியாதைதான் எனக்குப் பயம்.

"டிரெஸர், ப்ளீஸ். எந்திரிங்க. ஹெட் ஆபீஸ் ஆர்டர்."

"கிளினிக் நடக்குது சார்."

"கிளினிக் அங்க இருக்கு."

"இன்னிக்கி இங்க இருக்கு."

"ஒரு செடிக்காகவா இவ்வளவும்? எங்க, அந்தச் செடியத்தான் காட்டுங்களேன்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "சார், செடி என் பீரோவுல இருக்கு சார்" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான்.

பேக்கோகூட உறுமலைக் குறைத்த மாதிரி இருந்தது. டிரெஸர் திரும்பாமலேயே சொன்னார்: "தெரியும்."

"எப்படிண்ணே?"

"உன் முட்டியப் பாரு."

பார்த்தேன். என் கறுப்புக் கால்சட்டையின் இரண்டு முட்டியிலும் வெள்ளை மண், முட்டை ஓட்டுத் துணுக்குகளோடு. அந்தத் தோட்டத்தில் வெள்ளை மண் வேறெங்கும் கிடையாது.

"அப்போ வெறும் குழிக்கா உக்காந்திருக்கீங்க?" என்றார் துரை.

"மண்ணுக்கு சார். செடி போனா இன்னொண்ணப் பொறக்க வைப்பேன். சுத்தி கண்ணுக்கெட்டுற வரைக்கும் உங்க மண்ணு. இந்தப் பாய் அளவு என் மண்ணு. எட்டு வருஷத்து முட்டை இதுல கெடக்கு. எந்திரிக்க மாட்டேன். என் மேல ஏத்தணும்னா ஏத்தச் சொல்லுங்க. ஆனா ஓட்டுறவன் எம்.சி."

துரை என் பக்கம் திரும்பினார். "கிராணி, நீங்க இங்க வாங்க."

போகத்தான் நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் பக்கம் போய் நிற்கத்தான் நினைத்தேன். முட்டி இரண்டும் ஒரே நேரத்தில் கழன்றுகொண்டது. அப்படியே டிரெஸரின் காலடியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டத்தில் ஒருத்தி சொன்னாள்: "கிராணியே உக்காந்துட்டாரு, பாருங்கடி." அவ்வளவுதான். கூடைகள் இறங்கின. ஒவ்வொருத்தியாக வந்து பாத்தியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். காணாமல் போன இட்லிப் பானையைத் தேடி வந்த என் மனைவி என்னைப் பார்த்து அசந்து நின்றாள். "தூக்கி விடு, கால் வரல" என்று கிசுகிசுத்தேன். "பேசாம அப்படியே இருங்க" என்று சொல்லிவிட்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

துரை எங்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தார். தூறல் ஆரம்பித்தது. ஒருவரும் எழவில்லை. "ஒரு கார் நிக்கிற இடம்தானே. இத விட்டுட்டுச் சுத்தித் தார் போடட்டும்" என்று பேக்கோக்காரனிடம் சொல்லிவிட்டுப் போனார். அவன், "நான் எம்.சி. சார்" என்றான்.

செடியைத் திரும்ப நட்டோம். காய்கள் உதிர்ந்தன. முக்கால்வாசி காய்ந்தது. டிரெஸர் பத்து நாள் என்னோடு பேசவில்லை. பதினொன்றாம் நாள் அடியில் ஒரு பச்சைத் துளிர். அது நீண்டதும் கணுவில் நறுக்கி மணலில் ஊன்றி, ஒன்றை நாலாக்கினார், நாலைப் பாத்தியாக்கினார். "படபடன்னு புடுங்கிட்ட. ஆனா வேரோட புடுங்கியிருக்க" என்றார். அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்றிதழ் அது.

ஓய்வு பெற்று இப்போது ஈப்போவில் மகள் வீட்டில் இருக்கிறார். அந்த வெயிலில் பிங்க்ஸ் ஒரு வாரம் தாங்காது. அங்கேயும் யாரோ "யாராலயும் முடியாது" என்று சொல்லிவிட்டார்களாம், மறுபடி பதிவேடு வாங்கியிருக்கிறார். இங்கே கார்களுக்கு நடுவில் அந்த வெள்ளைப் பூப்பாத்தி என் பொறுப்பில் இருக்கிறது.

மத்தியானம் மழை இறங்கினால் சுற்றுலாக்காரர்கள் கார்களுக்கு ஓடுகிறார்கள். நான் குடையை எடுத்துக்கொண்டு பாத்திக்கு ஓடுகிறேன். ஓடிவந்து, விரிக்காத குடையோடு, பூக்களுக்குப் பக்கத்தில் நனைந்துகொண்டு நிற்கிறேன். சாயங்காலம் போன் வரும்.

"அங்க மழையா?"

"ஆமாண்ணே."

"குடை புடிச்சியா?"

"இல்லண்ணே."

"பொய் சொல்லல?"

"சத்தியமா இல்லண்ணே."

என் மற்றப் பயங்களுக்கெல்லாம் ரிங்லெட்டில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். அவர் திட்டிவிடுவாரோ என்ற இந்த ஒரு பயத்தை மட்டும் எந்த டாக்டரிடமும் சொல்லவில்லை. குணமாகிவிட்டால் என்ன செய்வது?